ஃபைல் சிங்க் டூலைச் சோதிக்க நாமே எழுதிக்கொள்ளும் ஷெல் ஃபங்க்ஷன்கள்

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலோ தோல் கம்பெனியிலோ கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான். ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் ஓடும், ஃபேக்டரியில் இருக்கும் பேட்டர்ன் ஃபைல்கள் வேலூர் ஆபீஸுக்கு வந்து சேரும், காலையில் யாரும் அதைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டார்கள். உள்ளே பெரும்பாலும் ஆர்சிங்க்தான் இருக்கும், ஒரு ஃபோல்டரில் இருப்பதை இன்னொரு ஃபோல்டருக்கோ மெஷினுக்கோ அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும் டூல் அது. ஸ்கிரிப்டில் ஒரு ஆப்ஷனை மாற்றும்போதும், டூலைப் புது வெர்ஷனுக்கு ஏற்றும்போதும்தான் கேள்வி வருகிறது: எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று எதை வைத்துச் சொல்வது? எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி, “எக்ஸிட் கோடு ஜீரோ வருதுண்ணா, எரர் ஒண்ணும் இல்ல” என்றான். டூல் முடியும்போது திருப்பும் எண்தான் எக்ஸிட் கோடு, ஜீரோ என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். “டூல் சொன்னது இருக்கட்டும்பா, நகல் ஃபோல்டர்ல போய்ப் பாத்தியா?” என்று கேட்டேன். கீழே எழுதியிருப்பது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். சோதிக்கிற ஃபங்க்ஷன், சோதிக்கப்படுகிற டூலின் பேச்சை நம்பக்கூடாது. டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதைத் தானே போய்ப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகளை எழுத, நாம் கொடுக்கும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஷில் ஃபங்க்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், வேலை செய்யும். வேரியபிளுக்கு மட்டும் முடியாது. டெபியன், உபுண்டுவில் சும்மா எஸ்எச் என்று கூப்பிட்டால் வருவது டாஷ் என்கிற வேறு ஷெல், அது தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் நின்றுவிடும். அதனால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். நாம் போய்ச் சேர வேண்டிய இடம் இப்படி இருக்கும்:

களம்_போடு
எழுது மூலம்/வேலூர்/கோட்டை "அகழி"
எழுது மூலம்/வேலூர்/சத்துவாச்சாரி "மலை"
ஓட்டு மூலம்/ நகல்/
ஒப்பிடு மூலம் நகல்

ஒரு சோதனை என்பது இவ்வளவுதான் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறு யாராவது திறந்து பார்த்தாலும் என்ன சோதிக்கிறோம் என்பது ஒரே பார்வையில் புரிய வேண்டும். சிக்கல் எல்லாம் ஃபங்க்ஷனுக்குள்ளே போகட்டும்.

களம்_போடு செய்வது, எம்கேடெம்ப் கமாண்டை மைனஸ் டி ஆப்ஷனோடு கூப்பிட்டு ஒரு தற்காலிக ஃபோல்டரை உருவாக்கி, உள்ளே போய், மூலம், நகல் என்று இரண்டு ஃபோல்டர்களைப் போடுவது. ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் அந்த ஃபோல்டர் அழிய வேண்டும் என்பதால் முடியும்போது தானாக ஓட வேண்டியதைச் சொல்லிவைக்கும் ட்ராப் கமாண்டில் எக்ஸிட் என்று வைத்து, ஃபோல்டரை உள்ளே இருப்பதோடு அழிக்கும் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் போடுவோம். இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, எம்கேடெம்ப் தோற்றுப்போனால் வேரியபிள் காலியாக இருக்கும், காலி வேரியபிளுக்குப் பின்னால் ஒரு சாய்வுக்கோடு ஒட்டியிருந்தால் ஆர்எம் எதை அழிக்கப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். அதனால் வேரியபிள் பெயருக்குப் பின்னால் முக்கால்புள்ளியும் கேள்விக்குறியும் வைக்கிற எழுத்துமுறையைக் கட்டாயம் பயன்படுத்துங்கள், காலியாக இருந்தால் ஷெல் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. ஃபோல்டரின் பாதையை எக்கோ மூலம் திருப்பித் தரலாம் என்று தோன்றும், டாலரும் அடைப்புக்குறியும் போட்டு அதை வாங்கிக்கொள்ளத் தோன்றும். அப்படிக் கூப்பிட்டால் ஃபங்க்ஷன் ஒரு துணை ஷெல்லில் ஓடும், அந்தத் துணை ஷெல் முடிந்தவுடனேயே ட்ராப் வேலை செய்து, போட்ட களத்தை அப்போதே அழித்துவிடும். பாதையை வேரியபிளில் வையுங்கள், நேராகக் கூப்பிடுங்கள்.

அடுத்து எழுது. பார்க்கச் சின்னது, ஆனால் சோதனைகளின் நம்பகத்தன்மை பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. ஃபைல் போக வேண்டிய ஃபோல்டரை முதலில் உருவாக்க வேண்டும், உள்ளடக்கத்தை எக்கோவால் இல்லாமல் பிரிண்ட்எஃப் மூலம் எழுத வேண்டும், அப்புறம் டச் கமாண்டால் ஒரு குறிப்பிட்ட நேரத்தை ஃபைலுக்கு வைக்க வேண்டும். நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஆர்சிங்க் சாதாரணமாக ஃபைலைத் திறந்தே பார்க்காது, அளவும் கடைசியாக மாற்றிய நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் மாற்றமே இல்லை என்று தாண்டிப் போய்விடும். வேகத்துக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் தப்பில்லை, ஆனால் அதன் விளைவு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷூ அளவு எழுதிய ஒரு ஃபைலில் 42 என்று இருப்பதை 43 என்று மாற்றுங்கள், நேரத்தைப் பழையபடியே வையுங்கள். அளவு அதே 2 பைட், நேரமும் அதே. ஆர்சிங்க் ஓடும், ஜீரோ என்று திரும்பும், நகலில் 42 அப்படியே இருக்கும். செக்சம் ஆப்ஷனைக் கொடுத்தால் மட்டும் உள்ளே படித்துப் பார்த்து 43 ஆக்கும். இதை இரண்டு தனிச் சோதனையாக எழுதி வையுங்கள்: ஆப்ஷன் இல்லாதபோது இரண்டு பக்கமும் வேறாக இருக்க வேண்டும், ஆப்ஷனோடு ஒன்றாக வேண்டும். சில டிசைன் சாஃப்ட்வேர்களும், ஜிப்பிலிருந்து பிரிக்கிற டூல்களும் பழைய நேரத்தையே திரும்ப வைத்துவிடும், அதனால் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

எழுது ஃபங்க்ஷன் எப்போதும் ஒரே நேரத்தை வைத்தால், ஒரே நீளத்தில் மாற்றி எழுதுகிற எல்லாச் சோதனையும் இந்தக் குழியில் போய் விழும். அதனால் நேரத்தை மூன்றாவது ஆர்க்யுமென்ட்டாகக் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் மட்டும் ஒரு நிலையான நேரத்தை வையுங்கள். வைத்த நேரம் உண்மையிலேயே ஒட்டியதா என்று ஸ்டாட் கமாண்டால் திரும்பப் படித்தும் பாருங்கள். வேலூர்க்காரர்களுக்கு மனப்பாடமான தேதி, கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை 10, அதையே வைத்தால் என்ன ஆகும்? லினக்ஸ் டிஸ்க்குகளில் பரவலாக இருக்கும் ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் 1901-க்கு முந்தைய நேரத்தை வைத்துக்கொள்ளாது, டிஸ்க்கில் வேறு தேதிதான் உட்காரும். திரும்பப் படிக்காத ஃபங்க்ஷனுக்கு இது தெரியவே தெரியாது.

ஓட்டு ஃபங்க்ஷனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டூலைக் கூப்பிட்டு, அதன் வெளியீட்டை ஒரு ஃபைலிலும், எரரை இன்னொன்றிலும், எக்ஸிட் கோடை ஒரு வேரியபிளிலும் வைக்கிறது, தோற்றாலும் தானாக ஸ்கிரிப்டை நிறுத்துவதில்லை. ஏனென்றால் தோற்க வேண்டிய சோதனைகளும் உண்டு: ஆர்சிங்கில் 23 என்றால் சில ஃபைல்கள் போகவில்லை, 24 என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூலத்தில் சில ஃபைல்கள் மறைந்துவிட்டன, 25 என்றால் அழிக்கலாம் என்று கொடுத்த வரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. எந்தக் கோடு வர வேண்டும் என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். செட் மைனஸ் ஈ போட்டிருக்கிறோமே, தப்பு வந்தால் தானாக நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு ஃபங்க்ஷனை இஃப்-க்குள் கூப்பிட்டால் அதன் உள்ளே செட் மைனஸ் ஈ வேலையே செய்யாது, நடுவரி தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடும்.

இப்போது ஒப்பிடு. பலரும் இங்கே டிஃப் மைனஸ் ஆர் ஒன்றோடு முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது போதாது. உள்ளடக்கம் மாறினால் டிஃப் சொல்லும், ஒரு பக்கம் மட்டும் இருக்கிற ஃபைலையும் சொல்லும். ஆனால் பர்மிஷனைப் பார்க்காது, நேரத்தைப் பார்க்காது, சிம்லிங்க் (வேறொரு ஃபைலைக் காட்டும் குறுக்குவழி) இருந்தால் அது காட்டும் ஃபைலைத் தொடர்ந்து போய்ப் படித்துவிடும், அதனால் சிம்லிங்க் ஒன்று நிஜ ஃபைலாக மாறிப் போயிருந்தாலும் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடும். அதற்கு டிஃப்போடு இன்னொரு பட்டியலும் வேண்டும். ஃபைண்ட் கமாண்டின் பிரிண்ட்எஃப் வசதியை வைத்து ஒவ்வொன்றுக்கும் வகை, பர்மிஷன், அளவு, நேரம், லிங்க் காட்டும் இடம், பெயர் என்று ஒரு வரி எழுதவைத்து, சார்ட் செய்து, இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். சார்ட்டுக்கு முன்னால் லோக்கேலை (மொழி, எழுத்து வரிசை அமைப்பை) சி என்று வையுங்கள், இல்லையென்றால் மெஷினுக்கு மெஷின் வரிசை மாறும். ஃபோல்டர்களுக்கு மட்டும் அளவை விட்டுவிடுங்கள், ஒரே ஃபைல்கள் இருந்தாலும் ஃபோல்டரின் அளவு இரண்டு பக்கமும் வேறாக இருக்கலாம். மேக்கில் உள்ள ஃபைண்டுக்கு இந்தப் பிரிண்ட்எஃப் கிடையாது, அங்கே ஸ்டாட்டை வைத்துத்தான் எழுத வேண்டும். நகல் பென்டிரைவில் ஃபேட் ஃபைல்சிஸ்டமாக இருந்தால் நேரம் 2 செகண்ட் கணக்கில்தான் பதிவாகும், அதற்கென்று சற்று விட்டுக்கொடுக்கிற ஒரு தனி ஒப்பீடு எழுதிக்கொள்ளுங்கள், ஆர்சிங்குக்கும், எத்தனை செகண்ட் வித்தியாசத்தை விட்டுவிடலாம் என்று சொல்லும் மாடிஃபை விண்டோ என்கிற ஆப்ஷனில் 1 என்று கொடுங்கள்.

ஒப்பிடு எழுதி முடித்ததும், அதை எதற்கும் பயன்படுத்துவதற்கு முன்னால், வேண்டுமென்றே அதைத் தோற்க வையுங்கள். நகலில் ஒரு ஃபைலின் பர்மிஷனை மாற்றுங்கள், அது கத்துகிறதா பாருங்கள். நேரத்தை ஒரு செகண்ட் தள்ளுங்கள், ஒரு எழுத்தை மாற்றுங்கள், ஒரு காலி ஃபோல்டரை அழியுங்கள், சிம்லிங்கை எடுத்துவிட்டு அதே பெயரில் நிஜ ஃபைலை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அது தோற்க வேண்டும். எப்போதும் பாஸ் சொல்கிற ஒப்பீடு ஒன்று இருப்பதைவிட ஒப்பீடே இல்லாமல் இருப்பது மேல், ஏனென்றால் இல்லை என்றால் நாமாவது கையால் போய்ப் பார்ப்போம். இந்த ஐந்தையும் தனி ஸ்கிரிப்டாகவே வைத்து எல்லாவற்றுக்கும் முதலில் அதை ஓட்டுகிறேன்.

கூடவே இரண்டு குட்டி ஃபங்க்ஷன்கள்: இருக்கணும், இருக்கக்கூடாது. ஒரு பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் ஷெல்லின் மைனஸ் ஈ சோதனை (செட் மைனஸ் ஈ வேறு, இது வேறு), உடைந்த சிம்லிங்கைப் பார்த்து அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லும். அழிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது லிங்க் மட்டும் அங்கேயே கிடக்கும். அதனால் சிம்லிங்க் இருக்கிறதா என்று பார்க்கும் மைனஸ் எல் சோதனையையும் சேர்த்தே பாருங்கள்.

இந்த இரண்டும் அதிகம் உதவுவது டெலீட் ஆப்ஷனைச் சோதிக்கும்போது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததே, மாவட்டவாரியாக ஃபோல்டர் வைத்திருந்த எந்த ஆபீஸிலும் ஆம்பூர் வேலூருக்குள்ளிருந்து திருப்பத்தூருக்குள் போயிருக்கும். அதையே சோதனையாக்குங்கள்:

எழுது மூலம்/வேலூர்/ஆம்பூர்/பட்டியல் "அ"
ஓட்டு மூலம்/ நகல்/
இடம்_மாற்று மூலம்/வேலூர்/ஆம்பூர் மூலம்/திருப்பத்தூர்/ஆம்பூர்
அழித்து_ஓட்டு மூலம்/ நகல்/
இருக்கணும் நகல்/திருப்பத்தூர்/ஆம்பூர்/பட்டியல்
இருக்கக்கூடாது நகல்/வேலூர்/ஆம்பூர்

ஆர்சிங்குக்கு இடம் மாறியது என்பது தெரியாது, புதிதாக ஒன்றை அனுப்பிவிட்டுப் பழையதை அழிக்கும். அழித்து_ஓட்டு என்பது டெலீட் ஆப்ஷனோடு ஓட்டுவது. இதற்குப் பக்கத்திலேயே, மூலம் முழுவதும் காலியாக இருந்தால் என்ன ஆகிறது என்ற சோதனையையும் கட்டாயம் வையுங்கள். டிஸ்க் மவுன்ட் ஆகாமல் ஃபோல்டர் காலியாகத் தெரிந்த ராத்திரியில் டெலீட் ஓடினால் நகலும் காலியாகிவிடும். மேக்ஸ் டெலீட் வரம்பு போட்டிருந்தால் ஸ்கிரிப்ட் 25 என்ற கோடோடு நிற்க வேண்டும், நகலில் பெரும்பகுதி பிழைத்திருக்க வேண்டும். ‘மூலம்’ என்பதற்குப் பின்னால் சாய்வுக்கோடு இருந்தால் உள்ளே இருப்பது மட்டும் போகும், இல்லாவிட்டால் மூலம் என்ற ஃபோல்டரே நகலுக்குள் போய் உட்காரும் என்பதற்கும் ஒன்று எழுதுங்கள். அடிக்கடி இடறுகிற இடம் அது.

தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம், நம் ஊர்க்காரர்கள் விடவே கூடாத பகுதி இது. தொரப்பாடி, கொணவட்டம், சோளிங்கர் ஆகிய மூன்று பெயரும் நல்ல சோதனைப் பொருள், ஏனென்றால் மூன்றிலும் ஒகரமோ ஓகாரமோ வருகிறது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு ஃபைல்கள். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல்சிஸ்டமோ பெயரைப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து லினக்ஸுக்கு வந்தால் ‘தொரப்பாடி’ என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆர்சிங்கில் பெயரின் எழுத்து வடிவத்தை மாற்றித்தரும் ஐகான்வ் ஆப்ஷன் இதற்காகவும் உதவுகிறது. சோதனையில் பெயரைக் கீபோர்டில் அடிக்காமல் பிரிண்ட்எஃப்பில் யூனிகோட் எண்ணைக் கொடுத்து உருவாக்குங்கள், அப்போதுதான் எந்த வடிவம் என்பது நிச்சயம்: சேர்ந்தது 0பிசிஏ, பிரிந்தது 0பிசி6-உம் 0பிபிஈ-யும்.

நீளமும் ஒன்று உண்டு. லினக்ஸில் ஃபைல் பெயர் 255 பைட் வரைதான், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப் 8-இல் 3 பைட் போகிறது. வாலாஜாபேட்டை என்ற ஒரு சொல்லுக்கே 36 பைட் ஆகிவிடும். 85 குறியீடு கொண்ட பெயர் ஒன்று வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆர்சிங்க் அனுப்பும்போது பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் பின்னால் ஒரு புள்ளியும் ஆறு எழுத்தும் சேர்த்துத் தற்காலிக ஃபைலில் எழுதிவிட்டு, முடிந்ததும்தான் நிஜப் பெயரை வைக்கும், அதனால் விளிம்பில் நிற்கிற பெயர்களைச் சோதிப்பது அவசியம். இடைவெளி உள்ள பெயர், மைனஸில் தொடங்குகிற பெயர், நட்சத்திரக்குறி உள்ள பெயர் எல்லாம் வழக்கம்போல.

கரண்ட் போவதற்கு ஒரு ஃபங்க்ஷன் வேண்டும், நடுவில்_அறு. ஒரு பெரிய ஃபைலை வைத்து, பேண்ட்விட்த் வரம்பு போட்டு மெதுவாக ஓடவிட்டு, பாதியில், பிராசஸை அந்த நொடியே கொல்லும் கில் 9 கொடுக்க வேண்டும். எப்போது அறுப்பது என்பதை ஸ்லீப் வைத்துத் தீர்மானிக்காதீர்கள், மெஷின் வேகத்துக்கு ஏற்ப ஒரு நாள் பாஸ், ஒரு நாள் ஃபெயில் என்று ஆடும். அந்தப் புள்ளி வைத்த தற்காலிக ஃபைல் நகலில் தோன்றும்வரை திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு அறுங்கள். ஒரே மெஷினுக்குள் ஓடினாலும் ஆர்சிங்க் பல பிராசஸாகப் பிரிந்துதான் வேலை செய்யும், ஒன்றை மட்டும் கொன்றால் இன்னொன்று சுத்தம் செய்துவிட்டுப் போய்விடும். செட்சிட் மூலம் தனிக் குழுவாக ஓடவிட்டுக் குழுவையே கொல்லுங்கள். அப்புறம் பார்க்க வேண்டியது: நிஜப் பெயரில் பாதி ஃபைல் இருக்கக்கூடாது, மறுபடி ஓட்டினால் முழுசாக வர வேண்டும், தற்காலிக ஃபைல் மிச்சம் கிடந்தால் அதை யார் அழிப்பது என்று ஸ்கிரிப்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், கில் 9 கரண்ட் போவதற்கு முழுச் சமம் இல்லை. பிராசஸ் செத்தாலும் மெமரியில் இருக்கிற டேட்டாவைக் கெர்னல் டிஸ்க்கில் எழுதிவிடும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

இன்னொன்று. ஒரே மெஷினுக்குள் காப்பி செய்யும்போது ஆர்சிங்க் மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிற வேலையைச் செய்யாமல் ஃபைலை முழுசாகவே எழுதும். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே லைனில் நடக்கப்போவதைச் சோதிக்க வேண்டுமென்றால் நோ ஹோல் ஃபைல் ஆப்ஷனைக் கொடுத்தே ஓட்டுங்கள், இல்லையென்றால் அந்தப் பகுதி சோதிக்கப்படவே இல்லை.

கடைசியாக மறுபடி_சும்மா. ஒருமுறை சிங்க் ஆன பிறகு, எதையும் மாற்றாமல், மாறியதை வரிவரியாகக் காட்டும் ஐட்டமைஸ் ஆப்ஷனோடு இரண்டாவது முறை ஓட்டினால் ஒரு வரிகூட வெளியே வரக்கூடாது. வந்தால் எதையோ ஒவ்வொரு ராத்திரியும் வீணாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் நேரமோ பர்மிஷனோதான் காரணம். ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் இதைக் கூப்பிட்டுவிடுங்கள்.

எல்லா ஃபங்க்ஷனையும் ஒரே ஃபைலில் வைத்து, சோதனை ஒவ்வொன்றையும் தனி ஸ்கிரிப்டாக எழுதி, தொடக்கத்திலேயே அந்த ஃபைலைச் சோர்ஸ் செய்யுங்கள், அதாவது ஸ்கிரிப்டுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். பாஸ் என்றால் 0, ஃபெயில் என்றால் 1. ரூட் இல்லாமல் ஓனரை மாற்ற முடியாதது மாதிரி, அந்த மெஷினில் செய்யவே முடியாத சோதனைக்கு 77 என்று திருப்புங்கள், ஆர்சிங்கின் சொந்தச் சோதனைகளும் தவிர்த்ததைக் காட்ட அந்த எண்ணைத்தான் பயன்படுத்துகின்றன. தவிர்த்ததைப் பாஸ் கணக்கில் சேர்க்காமல் தனியாக எண்ணிக் காட்டுங்கள்.