ஒற்றை ஆளாக க்ரூஸ்: எல்ஜிபிடி பயணிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் இரண்டையும் தொட்டுவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்கும் நான்கு இரவுக் கப்பல் பயணம் ஒன்றைத் தனியாகப் போய் வந்தேன். அதிலிருந்து "எப்படிப் போனே, பயமா இல்லையா, எவ்வளவு ஆச்சு" என்று கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே. பாஸ்போர்ட் எடுப்பது, விமான டிக்கெட் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எந்த மாதிரிக் கப்பல்?

இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, முழுக் கப்பலையும் நம் ஆட்களுக்காகவே வாடகைக்கு எடுப்பது. அமெரிக்காவின் அட்லாண்டிஸ் நிறுவனம் 1991 முதல் இதைச் செய்கிறது. பெண்களுக்கென்று ஒலிவியா இருக்கிறது. இவை பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா பக்கமிருந்து கிளம்புபவை. விமானக் கட்டணம், விசா, கப்பல் கட்டணம் எல்லாம் சேர்த்தால் கண்ணைக் கட்டும். இன்னொன்று, எல்லோரும் போகும் சாதாரணக் கப்பல். முதல் தடவைக்கு இதுதான் என் சிபாரிசு. நான்கு இரவு பிடிக்கவில்லை என்றாலும் பெரிய நஷ்டமில்லை.

2. கப்பலை விட வழித்தடத்தைப் பாருங்கள்

பெரிய கம்பெனிகள் எல்லாமே வானவில் கொடி காட்டி விளம்பரம் செய்கின்றன. கப்பலுக்குள் அது உண்மையும்கூட. ஆனால் துறைமுகத்தில் கட்டிய கப்பலுக்கு அந்த நாட்டுச் சட்டமும் பொருந்தும். 2012இல் கரீபியனில் உள்ள டொமினிகா தீவில், கே பயணிகளுக்கான கப்பலில் வந்த இரண்டு பேர் தங்கள் அறைப் பால்கனியில் நெருக்கமாக இருந்தது கரையிலிருந்தவர்கள் கண்ணில் பட்டு, கைதாகி, அபராதம் கட்டித்தான் வெளியே வந்தார்கள். அந்தத் தீவில் சட்டம் மாறியது 2024இல்தான்.

நம் வழித்தடத்தில் நான்கு இரவுக்குள் மூன்று விதச் சட்டம். ஆண்களுக்கிடையிலான உடலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில் வாக்களித்தது. 2023 ஜனவரி 3 முதல் அது இல்லை. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒருபால் திருமணமே சட்டப்படி செல்லும். நடுவில் மலேசியா. அங்கே ஒருபால் உறவுக்கு 20 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி என்று சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்காகப் பினாங்கில் இறங்கவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எப்படி இறங்குவது என்று கீழே சொல்கிறேன்.

3. விலை: இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்

இணையதளத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலை, ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் விலை. தனியாகப் போனால் காலியாக இருக்கும் இன்னொரு கட்டிலுக்கும் நீங்கள்தான் கட்டவேண்டும். பயணிகள் எண்ணிக்கை என்ற இடத்தில் 2 என்று தானாகவே நிரம்பியிருக்கும். அதை 1 ஆக மாற்றியதும் மொத்தம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். தளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து விடிய விடியப் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். கணக்கே அப்படித்தான்.

உதாரணத்துக்கு, தலைக்கு 40,000 ரூபாய் என்று போட்டிருந்தால் உங்களுக்கு 80,000. ஆனால் துறைமுக வரியும் ஊழியர்களுக்கான டிப்ஸும் ஆள் கணக்கு, அவை இரட்டிப்பாகாது. (டிப்ஸ் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 18 டாலர், முன்பதிவின்போதே கட்டிவிடுங்கள், கடைசி நாள் பில்லைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியிராது.) எனவே கடைசிப் பக்கம் வரை போய், எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

இதைக் குறைக்க ஒரு வழி ஸ்டுடியோ கேபின். நார்வீஜியன் நிறுவனம் 2010இல் எபிக் கப்பலில் ஒற்றை ஆளுக்கென்றே 128 குட்டி அறைகள் போட்டது. ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களிலும் சில உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் போய்விடும். கிடைக்கவில்லையா, ஜன்னலில்லாத உள் கேபின் எடுங்கள். தனி ஆளுக்குப் பால்கனி வீண் செலவு என்பது என் கட்சி. அறையில் எங்கே இருக்கப்போகிறீர்கள்?

4. விசா

ஒரே வரி: சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். கப்பலில் கிளம்பியதும் நீங்கள் நாட்டை விட்டு வெளியேறியவர். திரும்புவது இரண்டாவது நுழைவு. மலேசியா, தாய்லாந்து விதிமுறைகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் மாதத்தில் அவர்களுடைய அரசுத் தளத்திலேயே பாருங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

5. பை கட்டும்போது

மருந்துகள் (எச்ஐவி தொற்றைத் தடுக்கும் பிரெப் உட்பட) கைப்பையில், மருந்துச் சீட்டோடு. பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வர மாலை ஆகிவிடலாம்.

வானவில் பட்டி, பேட்ஜ் எல்லாம் கப்பலுக்குள் தாராளமாக. பினாங்கில் இறங்கும்போது மட்டும் அறையில் விட்டுவிடுங்கள். இது மிகையான எச்சரிக்கை அல்ல: 2023இல் ஸ்வாட்ச் கடைகளிலிருந்து வானவில் நிறக் கைக்கடிகாரங்களை மலேசிய அரசு பறிமுதல் செய்தது, பிறகு அவற்றுக்குத் தடை ஆணை போட்டது, மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை.

6. கப்பலில் நம் ஆட்களைக் கண்டுபிடிப்பது

கம்பெனியின் ஆப்பில் அன்றாட நிகழ்ச்சி நிரல் வரும். அதில் "எல்ஜிபிடிக்யூ சந்திப்பு" என்று தேடுங்கள். சில கப்பல்களில் "டோரதியின் நண்பர்கள்" என்ற பழைய சங்கேதப் பெயரிலேயே இன்னும் இருக்கும். ஆசியப் பயணங்களில் நிரலில் வராமலே போகலாம். ஏறிய அன்றே கெஸ்ட் சர்வீஸ் மேசையில் போய்க் கேளுங்கள். கேட்டால் ஒரு நேரமும் இடமும் போட்டுத் தர வாய்ப்பிருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். இந்தச் சந்திப்பை நடத்த ஊழியர் யாரும் வரமாட்டார். ஒரு பாரின் பெயர், ஒரு நேரம், அவ்வளவுதான். நீங்கள் போகும்போது அங்கே பத்துப் பதினைந்து பேர் சும்மா குடித்துக்கொண்டிருப்பார்கள். யார் நம்மவர், யார் பிங்கோ ஆட்டத்துக்குக் காத்திருப்பவர் என்று தெரியாது. எல்லோரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, யாரும் வரவில்லை போல என்று கலைந்துவிடுவார்கள். இது கப்பலுக்குக் கப்பல் நடக்கிற கூத்து.

இதற்கு வழி: ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். பார் முனையில், வாசல் பார்த்த ஸ்டூலில் உட்காருங்கள். வானவில் பட்டியைக் கழுத்தில் போடத் தயக்கமென்றால் கிளாஸுக்குப் பக்கத்தில் மேசைமேல் வையுங்கள். பார்டெண்டரிடம் "சந்திப்பு இங்கேதானே?" என்று கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள். பக்கத்தில் யாராவது சட்டென்று திரும்புவார்கள். அவரையும் அங்கேயே உட்காரவைத்துவிட்டால் அடுத்து வருபவருக்கு ஒரு கூட்டம் தெரியும். இரண்டு பேர் வந்தாலும் போதும், அடுத்த நாள் இரவுச் சாப்பாட்டுக்குத் துணை ஆயிற்று.

சாப்பாட்டுக்குக் குறித்த நேர மேசை எடுங்கள், பலர் பகிரும் மேசை வேண்டும் என்று சொல்லுங்கள். தினமும் அதே முகங்கள் என்பது தனி ஆளுக்கு நல்லது.

7. "தனியாவா வந்தீங்க?"

வெள்ளைக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. சிங்கப்பூர்க் கப்பல்களில் நம் ஊர்க் கூட்டம் அதிகம். பாட்டி தொடங்கிப் பேரன் வரை குடும்பம் குடும்பமாக வருவார்கள். போதாக்குறைக்கு டீலர்களை மொத்தமாக அழைத்து வரும் கம்பெனிகளும் உண்டு. லிஃப்டில் தமிழில் பேச்சுக் கொடுப்பார்கள், மூன்றாவது கேள்வி கல்யாணம் பற்றித்தான். "ஆபீஸ்ல லீவு கிடைச்சுது, வந்துட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், உண்மையைச் சொல்லவும் செய்யலாம். அது உங்கள் விருப்பம். வீட்டில் தெரியாதவர்கள், குழுப் படம் எடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கப்பல் போட்டோகிராபர் நீட்டும் கேமராவுக்கும் "வேண்டாம்" என்று சொல்லலாம், வருத்தப்படமாட்டார்.

8. இறங்கும் இடங்கள்

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே நிற்கும். டூர் வாங்கவே வேண்டாம். லிட்டில் இந்தியா நடந்துபோகும் தூரம். குயின் தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது, அப்புறம் சோறும் குழம்புமாக ஒரு நாசி கண்டார் சாப்பாடு. டேட்டிங் ஆப்களை மட்டும் முதல் நாள் இரவே அணைத்துவிடுங்கள். அங்கே முன்பின் தெரியாதவரைச் சந்திக்கக் கிளம்புவது சரியான யோசனை இல்லை.

புக்கெட்டில் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டுச் சிறு படகில் கரை சேர்ப்பார்கள். நம் ஆட்களின் பார்கள் பாரடைஸ் காம்ப்ளெக்ஸ் பகுதியில். ஆனால் அவை களைகட்டுவது இரவில்தான். கப்பல் மாலையிலேயே கிளம்புவதாக இருந்தால் ஏமாற்றம்தான், முன்பதிவுக்கு முன்பே கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். இன்னொன்று: தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் உங்கள் போன் தானாக மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம். போன் நான்கு என்று காட்டும்போது கப்பலில் ஐந்து, கடைசிப் படகு போயிருக்கும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், அதைக் கப்பல் நேரத்திலேயே வையுங்கள்.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் ஒரு திருநம்பி கேட்டிருந்தார்: முன்பதிவில் எந்தப் பெயர்? பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பாலினம் இரண்டும் எழுத்துப் பிசகாமல். விமானம், கப்பல், விசா மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஏறியபிறகு உங்கள் பெயரை அறைப் பணியாளரிடமும் உணவு மேசைப் பணியாளரிடமும் சொல்லிவிடுங்கள். தினமும் உங்களை அழைக்கப்போவது அவர்கள்தான்.

இன்னொருவர் மதுப் பேக்கேஜ் பற்றிக் கேட்டார். இதில் மட்டும் தனி ஆளுக்கு லாபம். ஒரே அறையில் இருவர் என்றால், ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாகவேண்டும் என்பார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் பினாங்கு, புக்கெட்டில் பகல் முழுக்க வெளியே இருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

கடைசியாக: திரும்பி இறங்கும்போதும் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் மறுபடி நிரப்பவேண்டும். விமானத்தில் வந்தபோது நிரப்பியது செல்லாது. கடைசி இரவே கப்பல் வைஃபையில் முடித்துவிட்டால், காலையில் வரிசையில் நின்றுகொண்டு போனோடு மல்லுக்கட்ட வேண்டியிராது.