எறும்புக்குக் கால் எங்கே? இயற்கையை வரைந்து படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தாளை எடுத்து, எதையும் பார்க்காமல் நினைவிலிருந்தே ஓர் எறும்பை வரைந்து பாருங்கள். பலரும் மூன்று உருண்டைகளைக் கோத்து, ஆறு கால்களையும் உருண்டைக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் ஒரு லென்ஸை வைத்து நிஜ எறும்பைப் பாருங்கள். ஆறு காலும் நடுவிலுள்ள மார்புப் பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன. வயிற்றில் ஒன்றுகூட இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே மிக ஒடுங்கிய ஓர் இடுப்பு, அதன்மேல் ஒன்றோ இரண்டோ சின்ன முண்டுகள். உணர்கொம்புகள் நேராக நீட்டிக்கொண்டிருக்காமல் பாதியில் மடங்கியிருக்கும். வாழ்நாள் முழுக்கப் பார்த்த உயிர்தான். ஆனால் பென்சிலைக் கையில் எடுக்கும்வரை, கால் எங்கே ஒட்டியிருக்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. சிலந்திக்கும் இதே கதைதான். எட்டுக் கால்களும் உடலின் முன்பகுதியில் இருக்க, எத்தனையோ படங்களில் அவை வயிற்றிலிருந்து முளைத்து நிற்கும்.

இயற்கையை வரைந்து படிக்க வருபவர்களின் முதல் தவறு இது: கண்முன் இருப்பதை விட்டுவிட்டு, மனசுக்குள் ஏற்கெனவே இருக்கும் படத்தை வரைவது. பெரிய கைகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1515இல் இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்கு ஒரு காண்டாமிருகம் போய்ச் சேர்ந்தது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதைப் பார்க்கவே இல்லை. யாரோ எழுதிய விவரத்தையும் ஒரு தோராயப் படத்தையும் வைத்துக்கொண்டு மரச்செதுக்குப் படம் செய்தார். உடம்பெல்லாம் இரும்புக் கவசம் மாட்டியதுபோல் தகடுகள், முதுகில் கூடுதலாக ஒரு குட்டிக் கொம்பு. படம் அபாரம். அதுதான் வம்பாகிப்போனது. பதினெட்டாம் நூற்றாண்டுவரை அந்த இல்லாத கொம்பைப் பிறரும் நகலெடுத்துக்கொண்டே இருந்தார்கள். திறமையான கோடு, தவறான தகவலுக்கும் மரியாதை வாங்கிக் கொடுத்துவிடும்.

சொர்க்கப் பறவைகளுக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. நியூகினி பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தோல்களில் கால்களை வெட்டியிருந்தார்கள். உடனே அந்தப் பறவைக்குக் காலே கிடையாது, வானத்திலேயே மிதந்து வாழ்கிறது என்று கதை கிளம்பியது. 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் அதில் ஓர் இனத்துக்கு வைத்த அறிவியல் பெயரிலும் ‘காலில்லாதது’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது, இன்றும் இருக்கிறது. கையில் இருப்பது முழு உயிரா, அதன் மிச்சமா என்று படத்தின் ஓரத்தில் எழுதிவைப்பது இதனால்தான் முக்கியம். பார்க்காத பகுதியை ஊகித்து நிரப்பாதீர்கள். புள்ளிக்கோடு போட்டு ‘தெரியவில்லை’ என்று குறித்துவிடுங்கள்.

இன்னொரு தவறு, ஆராய்ச்சி முடிந்த பிறகு ஒட்டும் அலங்காரமாக ஓவியத்தை நினைப்பது. 1609இல் ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியே நிலாவைப் பார்த்து வரைந்தார். ஒளிக்கும் இருளுக்கும் நடுவிலுள்ள எல்லை கரடுமுரடாக இருந்ததைக் குறித்தாரே தவிர, அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. சில மாதங்களில் கலிலியோவும் அதே நிலாவைப் பார்த்தார். அவருக்கு ஓவியப் பயிற்சி உண்டு. ஒளி சாய்வாக விழுந்தால் மேடு எப்படி நிழல் தள்ளும், பள்ளத்தின் எந்த ஓரம் முதலில் வெளுக்கும் என்பது தெரிந்த கண் அது. எனவே அந்தக் கரடுமுரடை மலைகளாகவும் பள்ளங்களாகவும் படித்தார். 1610இல் அவருடைய நூல் வந்த பிறகு ஹாரியட் வரைந்த நிலாவில் பள்ளங்கள் இருக்கின்றன! ஒளிநிழல் தெரிந்திருந்தது கலிலியோவுக்கு அழகு சேர்க்க மட்டும் உதவவில்லை, கண்டுபிடிக்கவே உதவியது.

சரி, எதையும் விடாமல் அப்படியே வரைந்தால் போதுமா? போதாது. எதை விடுவது, எதை அழுத்திக் காட்டுவது என்ற முடிவு எல்லாப் படத்திலும் உண்டு. சிக்கலே இங்கேதான். ஸ்பெயினின் ராமோன் இ கஹால் இளமையில் ஓவியராக ஆசைப்பட்டவர், பிறகு நுண்ணோக்கியில் பார்த்து நரம்புச் செல்களை வரைந்தார். ஒரே கண்ணாடித் தகட்டில் தெரிந்ததை மட்டும் அவர் வரைந்தார் என்று நினைக்கக் கூடாது. பல தகடுகளில் பார்த்ததைச் சேர்த்து, குறுக்கே கிடந்த தேவையற்றதை விலக்கி, ஒரே படமாக்கினார். நரம்புகள் தொடர் வலை அல்ல, தனித்தனிச் செல்கள் என்ற அவருடைய வாதம் நின்றது. 1906இல் நோபல் பரிசும் வந்தது, அந்த வாதத்தை ஏற்காத இத்தாலிய ஆய்வாளர் கோல்ஜியோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தாலும்!

ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கலும் அருமையாக வரைபவர்தான். 1868இல் வந்த நூலில் நாய், கோழி, ஆமை மூன்றின் கருக்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்ட, ஒரே அச்சுக்கட்டையை மூன்று முறை அடித்துவிட்டார். ஒற்றுமை இருக்கிறது என்பதுதான் அவர் நிரூபிக்க வேண்டியது. அதையே படத்துக்குள் திணித்துவிட்டால் படத்தை வைத்து எதை நிரூபிப்பது? இருவருமே பார்த்ததை மாற்றித்தான் காட்டினார்கள். கஹால் விலக்கியது, செல்லின் வடிவம் தெளிவாகத் தெரிவதற்காக. ஹெக்கலின் கட்டையில் மறைந்துபோனதோ, எந்த வேறுபாடுகளைத் தேட வேண்டுமோ அவையே. எளிமைப்படுத்தலாம், தவறில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான விடையை எளிமைப்படுத்தாதீர்கள்.

அழகான கணக்கில் மயங்குவதும் இந்த வகைதான். நாட்டிலஸ் என்ற கடலுயிரின் கிளிஞ்சல் சுருளில் பொன்விகிதம் (சுமார் 1.618) இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஓர் அளவுகோலை எடுத்து மையத்திலிருந்து வெளிநோக்கி ஒரே நேர்கோட்டில் அளந்து பார்த்தால் விஷயம் முடிந்தது. ஒரு முழுச் சுற்றுக்கு அந்தச் சுருள் ஏறக்குறைய 3 மடங்கு விரிகிறது. வழக்கமாகப் படம் போட்டுக் காட்டும் பொன்சுருள் 6.85 மடங்கு விரிய வேண்டும். பக்கத்திலேகூட வரவில்லை. ஆனால் சூரியகாந்திப் பூவில் பொன்விகிதத்தோடு தொடர்புள்ள 34, 55, 89 என்ற எண்ணிக்கைகளில் சுருள்கள் எண்ணக் கிடைப்பது உண்மை, அடுத்தடுத்த விதைகளுக்கு இடையே சுமார் 137.5 பாகைக் கோணம் விழுவதால் வருவது. எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆறு கைகள் இருக்க வேண்டிய பனித்துகளுக்கு எட்டுக் கைகள் வரைபவர்களும் எண்ணாதவர்கள்தான்.

சில்லறைத் தவறுகளும் இருக்கின்றன. தேதி, இடம், அளவுக்கோடு இல்லாத படத்தை வைத்து பிற்பாடு ஒன்றும் செய்ய முடியாது. நிறத்தைத் தள்ளிப்போடாதீர்கள், பறித்த பூவும் இறந்த பூச்சியும் சீக்கிரம் நிறம் மாறும். உடனே தீட்ட முடியாவிட்டால் குறிப்பாவது எழுதுங்கள்: தாவர ஓவியர் ஃபெர்டினாண்ட் பாவர் கடற்பயணத்தில் பென்சில் படத்தின்மேல் நிறங்களைக் குறிக்கும் எண்களை எழுதிவைத்து, வருடங்கள் கழித்து வண்ணம் தீட்டினார். உயிரைத் தனியே வெள்ளைத் தாளில் மிதக்கவிடுவதும் இழப்புதான். தென் அமெரிக்காவின் சுரினாமுக்கு 1699இல் போன ஓவியர் மரியா சிபில்லா மெரியன், கம்பளிப்புழுவையும் கூட்டுப்புழுவையும் வண்ணத்துப்பூச்சியையும் அவை தின்னும் செடியிலேயே சேர்த்து வரைந்தார். எந்தப் பூச்சி எந்தச் செடியில் வாழ்கிறது என்பது அந்தப் படத்திலேயே பதிவாகிவிட்டது.

“போட்டோ எடுத்துவிட்டேனே, எதற்கு வரைய வேண்டும்?” என்று கேட்பவர்களுக்கு: போட்டோ ஒரு தனி உயிரை, ஒரு கணத்தில், அன்றைய வெளிச்சத்தில் காட்டும். பறவைகளை அடையாளம் காணும் கையேடுகள் பலவற்றில் இன்னமும் ஓவியங்களே இருப்பது, இரண்டு இனங்களை ஒரே நிலையில் நிறுத்தி வேறுபாட்டை மட்டும் எடுத்துக்காட்ட ஓவியத்தால் முடியும் என்பதால்தான். போட்டோவை எடுங்கள், ஆனால் நேரில் பார்த்து வரைந்து முடித்த பிறகு, சரிபார்க்க.

கடைசியாக, ரப்பர். வரைந்ததும் பார்த்ததும் ஒத்துப்போகாவிட்டால் பழைய கோட்டை அழித்துவிடாதீர்கள். பக்கத்திலேயே புதிதாக வரைந்து, எதைத் திருத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு படமும் அருகருகே இருந்தால்தான், முதலில் கண் எதைத் தவறவிட்டது என்பது பிறகு புரட்டுபவருக்குத் தெரியும்.