பழகாத கையால் சுடப் பழகும்போது செய்யக்கூடாத தவறுகள்

பழைய அமெரிக்க மேற்கின் பேர்போன துப்பாக்கிக்காரன் பில்லி த கிட் இடது கைக்காரன் என்று வெகுகாலம் பலரும் நம்பினார்கள். காரணம் ஒரே ஒரு புகைப்படம். இரும்புத் தகட்டில் நேரடியாகப் பதியும் அந்தக் காலத்துப் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறித்தான் வரும், அதனால் ரிவால்வர் இடது இடுப்பில் தொங்குவதாகத் தெரிந்தது. அதே படத்தில் அவன் பிடித்திருக்கும் 1873 மாடல் வின்செஸ்டர் ரைஃபிளைப் பாருங்கள், தோட்டா நுழைக்கும் துவாரம் இடப்பக்கம் இருக்கும். நிஜத் துப்பாக்கியில் அது வலப்பக்கம்.

பழகாத கையால் சுடக் கற்கிறவர்களின் முதல் தவறும் இப்படிப் படத்தை நம்புவதுதான். முதல் நாளே இரண்டு கையிலும் இரண்டு ரிவால்வர்! அதே மேற்கின் இன்னொரு துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக் இரண்டு வைத்திருந்தார், உண்மைதான். ஆனால் அவை 1851 மாடல் கோல்ட் (Colt) நேவி ரிவால்வர்கள், சுழலும் உருளையின் ஒவ்வொரு அறையிலும் மருந்து போட்டு, ஈயக்குண்டை அழுத்தி இறக்கி, பின்னால் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான கேப்பைச் செருகவேண்டும், ஆறும் தீர்ந்துவிட்டால் சண்டைக்கு நடுவே திரும்ப நிரப்ப முடியாது. இரண்டாவது துப்பாக்கி அதற்குத்தான் பெரிதும் உதவியது. குறி சரியாக இருந்தால் ஒரு துப்பாக்கியே போதும்: 1865 ஜூலையில் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில், சுமார் 75 கஜ தூரத்தில் நின்ற டேவிஸ் டட்டை அவர் வீழ்த்தியது ஒரே குண்டில்.

அப்படியானால் இன்னொரு கை எதற்கு? ஒரு கை போய்விடலாம், அதற்காக. 1881 டிசம்பர் இறுதியில் அரிசோனாவின் டூம்ப்ஸ்டோனில் எதிரிகள் இருட்டில் மறைந்திருந்து சுட்டதில் காவல் அதிகாரி வர்ஜில் ஏர்ப்பின் இடது கை கடைசிவரை முடங்கிப்போனது. அந்த ஒற்றைக் கையோடுதான் பிறகு கலிஃபோர்னியாவின் கோல்ட்டன் (Colton) ஊரில் மார்ஷல், அதாவது ஊர்க் காவல் அதிகாரி வேலை பார்த்தார்.

அடுத்த தவறு கண் விஷயம். சோற்றுக்கை எது என்று எல்லோருக்கும் தெரியும், குறிபார்க்கும் கண் எது என்று பலர் சோதித்ததே இல்லை. இரு கைகளாலும் ஒரு சின்ன இடைவெளி அமைத்து, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்கு அந்தப் பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். குறிபார்க்கும் கண் வலதாக உள்ளவர் இடது கையால் சுடும்போது வலது கண்ணை மூடிக்கொண்டு திணற வேண்டாம், தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பினாலே போதும்.

அப்புறம் பிடி. பீச்சாங்கைக்குப் பலம் குறைவு என்று பயந்து இறுக்கிப் பிடித்தால் மற்ற விரல்களும் ட்ரிகர் விரலோடு சேர்ந்து இழுக்கும், குண்டு கீழே வலப்பக்கமாகப் போகும். சும்மா இருக்கும் வலது கையையும் கவனியுங்கள். ஒரு கை இறுகினால் மற்றதும் தன்னையறியாமல் இறுகும். அதனால் துப்பாக்கியைக் கை மாற்றும்போது எந்தக் கையின் விரலும் ட்ரிகர் வளையத்துக்குள் இருக்கவே கூடாது. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

ஒவ்வொரு முறையும் ஹேம்மரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியை, கட்டைவிரலால் இழுத்துச் சுடும் பழைய பாணி சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் என்றால் ஆறு அறையையும் நிரப்புவதும் தவறு. 1876 ஜனவரியில் கான்சஸின் விசிட்டாவில் வர்ஜிலின் தம்பி வயட் ஏர்ப் உட்கார்ந்திருந்தபோது அவருடைய ரிவால்வர் உறையிலிருந்து விழுந்து, ஹேம்மர் அடிபட்டு வெடித்து, குண்டு அவர் கோட்டைத் துளைத்துப் போனது. பழைய மேற்கின் பாணியில் சுடும் இன்றைய கவ்பாய் ஆக்‌ஷன் போட்டிகளில் ஐந்து தோட்டாதான், ஹேம்மர் காலி அறைமேல் நிற்கவேண்டும். அங்கே கன்ஃபைட்டர் என்றே ஒரு பிரிவு உண்டு, கைக்கு ஒரு ரிவால்வராகச் சுடுவார்கள். ஆசை வரும், வரட்டும். ஆனால் இடது கை மட்டும் தனியாக நிதானமாகச் சுடும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வேகத்தை முதலில் பிடிக்கப் போவதும் வீண். காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டா வைத்திருக்கும் இடத்திலிருந்து தள்ளி, பத்திரமான திசையில் நீட்டி, இடது கட்டைவிரலால் ஹேம்மரை இழுப்பது, ட்ரிகரை மெதுவாக அழுத்துவது, இதையே பல நாள் செய்யுங்கள். நிஜத் தோட்டாவோடு பழகுவது பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும் சுடுதளத்தில் மட்டும். கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், களைத்த கைக்குத்தான் ஹேம்மர் நழுவும்.