டின் சூப்பில் கடலுணவு பாஸ்தா: எங்கே சொதப்புகிறது?

கடையில் வாங்கிய சூப்பையே சாஸாக வைத்து, இறாலோ கணவாயோ போட்டு பாஸ்தா செய்வது நேரமில்லாத ராத்திரிக்கு அருமையான வழி. பாஸ்தா வேகும் நேரத்துக்குள் மற்ற வேலையெல்லாம் முடிந்துவிடும். ஆனால் உப்புக் கரித்தாலோ, சாஸ் இறுகிப்போனாலோ, இறாலை மெல்ல முடியாமல் போனாலோ பழி சூப்பின் மேல் விழுகிறது. பெரும்பாலும் சூப் மேல் தப்பில்லை. டின்னில் இருப்பது உப்பும் மணமும் சேர்த்து, மாவு போட்டுக் கெட்டியாக்கி, வேகவைத்து முடித்த சாப்பாடு. அதற்கு நாம் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். கடலுணவு பச்சையாக இருந்தாலும் அதற்கும் இரண்டு மூன்று நிமிஷச் சூடு போதும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு இருபது நிமிஷம் கொதிக்கவிடும்போதுதான் எல்லாம் கெடுகிறது.

எந்த சூப் என்று பார்க்காமல் ஊற்றுவது

டின் சூப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திறந்து சூடாக்கி அப்படியே குடிக்கும் சூப். இன்னொன்று கண்டென்ஸ்டு சூப். அதாவது, அதே டின் அளவுக்குத் தண்ணீரோ பாலோ கலந்த பிறகுதான் குடிக்கும் பதத்துக்கு வரும் கெட்டியான சூப். இதை 1897இல் கேம்பெல் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் டோரன்ஸ் என்ற வேதியியலாளர் கொண்டுவந்தார். தண்ணீரின் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் டின் சிறிதாகும், அனுப்பும் செலவும் குறையும் என்பது கணக்கு. பாஸ்தா செய்கிறவருக்கு அதனால் கிடைத்த லாபம் வேறு: தண்ணீர் கலக்காத அந்த நிலையில் அது கிட்டத்தட்ட ஒரு சாஸ்.

அதனால் கண்டென்ஸ்டு சூப் என்றால் லேபிளில் சொல்கிறபடி ஒரு டின் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் சாஸ் நீர்த்துப்போய்த் தட்டின் அடியில் தேங்கி நிற்கும். 300 கிராம் டின்னுக்கு 250 கிராம் பாஸ்தா, அதை இளக்க அரை கப் பாஸ்தா வெந்த தண்ணீரோ பாலோ என்று ஆரம்பியுங்கள். போதாவிட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

அப்படியே குடிக்கும் சூப் என்றால் பிரச்சினை தலைகீழ். அது நீர்க்க இருக்கும். அதைக் கெட்டியாக்கப் பலரும் பெரிய தீயில் வற்றவிடுகிறார்கள். வற்றும்போது தண்ணீர் போய்விடும். உப்பு அங்கேயேதான் இருக்கும். வற்றவிடுவதைவிட பாஸ்தாவைக் குடிக்கவிடுவது நல்லது. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மூன்று நிமிஷம் முன்னாலேயே பாஸ்தாவை எடுத்து, கொதிக்கும் சூப்பில் போட்டு மீதி வேக்காட்டை அங்கே முடியுங்கள். மேலே இருக்கும் மாவுச்சத்து சூப்பில் கலந்து சாஸ் தானாகக் கெட்டிப்படும், சூப்பின் சுவையும் பாஸ்தாவுக்குள் இறங்கும்.

பொடி சூப் பாக்கெட் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான்: கொதிக்கும் வாணலியில் பொடியை நேராகத் தூவுவது. மாவுச்சத்தின் மேல்பக்கம் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே உலர்ந்த பொடி மாட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் கட்டி உடையாது. குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக்கொண்டு பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். சூப்புக்குச் சொன்ன தண்ணீரில் பாதி போதும்.

வகையைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். நண்டு, சிங்கி இறால் போட்ட பிஸ்க் (வழவழப்பான கிரீம் சூப்), மட்டி போட்ட சௌடர் (துண்டுகள் கிடக்கும் கெட்டி சூப்), இறால் கிரீம் சூப் எல்லாம் கடலுணவோடு இயல்பாகச் சேரும். காளான் கிரீம் சூப் பரவாயில்லை. தக்காளி சூப்பில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும். மிளகாய்த்தூளும் கொஞ்சம் புளிப்பும் சேர்க்காவிட்டால் தித்திப்பு தூக்கலாகத் தெரியும். புகைபோட்ட இறைச்சி வாசமோ சீஸ் வாசமோ தூக்கலாக உள்ள சூப்பை நான் எடுக்க மாட்டேன். அதில் இறாலும் ஒன்றுதான், உருளைக்கிழங்கும் ஒன்றுதான்.

உப்பை மூன்று இடத்தில் போடுவது

இந்தச் சாப்பாடு கெடுவதற்கு உப்புதான் முதல் காரணம். பாஸ்தா தண்ணீரில் உப்பு, சூப்பில் உப்பு, கடலுணவில் உப்பு. மூன்றும் தனித்தனியாகச் சரியாக இருந்தாலும் ஒரே வாணலியில் சேரும்போது கரிக்கும்.

லேபிளைக் கவனமாகப் படியுங்கள். அதில் பெரும்பாலும் சோடியம் டின் முழுவதற்கும் போட்டிருக்காது, ஒரு பரிமாறலுக்குப் போட்டிருக்கும். ஒரு பரிமாறலுக்கு 800 மில்லிகிராம், டின்னில் இரண்டரை பரிமாறல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டின் முழுக்க 2000 மில்லிகிராம் சோடியம். உப்பாகக் கணக்கிட இரண்டரையால் பெருக்கினால் 5 கிராம். பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் உப்பு இந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று பேர் பங்கிட்டுச் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு மேல் உப்பு போட இடமும் இல்லை.

பாஸ்தா வேகவைக்க லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பது வழக்கமான அளவு. டின் சூப் சேர்க்கிற நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். அந்தத் தண்ணீரைத்தானே மறுபடி சாஸில் ஊற்றப்போகிறோம்! அப்படியே குடிக்கும் சூப்பில் பாஸ்தாவை வேகவைத்து முடிப்பதானால் தண்ணீரில் உப்பே வேண்டாம். இறால் மேல் மிளகு மட்டும் தூவுங்கள். எல்லாம் சேர்ந்த பிறகு ருசி பார்த்து, தேவையென்றால் கடைசியில் ஒரு சிட்டிகை. டின்னில் வரும் மட்டிச் சாறு, சீஸ், கேப்பர்ஸ் (ஊறவைத்த பூமொட்டு) மூன்றும் உப்புதான் என்பதும் நினைவில் இருக்கட்டும். சாஸ் கரித்துப்போனால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பில்லாமல் வேகவைத்த பாஸ்தாவைக் கூட்டுங்கள், அல்லது கொஞ்சம் கிரீம் சேருங்கள்.

பாஸ்தாவை வடித்துக் கழுவுவது

தண்ணீரை முழுக்கச் சிங்கில் கொட்டிவிட்டு, ஒட்டாமல் இருக்கட்டும் என்று பாஸ்தாவைக் குழாயில் கழுவி, எண்ணெயும் விட்டுப் பிசறி வைப்பார்கள். சாஸ் பிடிக்காமல் போக இதைவிட நல்ல வழி கிடையாது. மேலே உள்ள மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழுவிவிட்டு எண்ணெய் பூசினால் சாஸ் வழுக்கிக்கொண்டு கீழே போகும். வடிப்பதற்கு முன் ஒரு கப் தண்ணீரை எடுத்து வையுங்கள். பாஸ்தா ஒட்டக் கூடாதென்றால் போட்ட முதல் ஒரு நிமிஷம் நன்றாகக் கிளறிவிட்டால் போதும்.

வடிவமும் முக்கியம். வழவழப்பான பிஸ்க்குக்கு லிங்குவினி மாதிரி நீளமானது நன்றாக இருக்கும். துண்டு துண்டாக உருளைக்கிழங்கு கிடக்கும் சௌடருக்குச் சங்கு வடிவ பாஸ்தா, பென்னே போன்ற குட்டையான வகைகள்.

கடலுணவை சூப்பிலேயே வேகவிடுவது

இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். வாங்கி வந்ததில் விலை உயர்ந்தது இதுதான், கெடுவதும் இதுதான் சீக்கிரம்.

ஃப்ரீசரில் இருந்த இறாலை ஐஸோடு வாணலியில் போடக் கூடாது. முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவது நல்லது. மறந்துவிட்டால், தண்ணீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி வையுங்கள். அரை மணி நேரத்தில் இளகிவிடும். வெந்நீரில் போட்டால் வெளிப்பக்கம் வேக ஆரம்பித்துவிடும், உள்ளே ஐஸ் அப்படியே இருக்கும். பாக்கெட்டில் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று எழுதியிருந்தால் அந்த இறால் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், வாணலியில் விடும். இறால், உப்பு என்று மட்டும் எழுதியிருக்கும் பாக்கெட்டை எடுங்கள்.

இளகியதும் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி ஈரத்தை எடுங்கள். இதைச் செய்யச் சலிப்பாக இருக்கும், ஆனாலும் விடாதீர்கள். ஈர இறால் வாணலியில் பட்டதும் தண்ணீர் விட்டு ஆவியில் வேகும். நிறமும் வராது, மணமும் வராது. உலர்ந்த இறாலைச் சூடான வெண்ணெயில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பினால் சுர்ரென்று சத்தம் வரும். ஓரத்தில் சாம்பல் நிறம் மாறி இளஞ்சிவப்பு மேலேறும். பாதி உயரத்துக்கு ஏறியதும் திருப்பிப் போடுங்கள். முதுகுப்பக்கம் நரம்பு எடுத்த பள்ளத்தில் கண்ணாடி போன்ற பகுதி மறைந்து வெள்ளையானால் வெந்துவிட்டது. நடுத்தர இறாலுக்கு மொத்தமே இரண்டு மூன்று நிமிஷம்தான். பிறைபோல வளைந்திருந்தால் சரியான பதம். வளையமாகச் சுருண்டுகொண்டால் நேரம் தாண்டிவிட்டது. தெர்மாமீட்டர் வைத்திருந்தால், கடலுணவின் உட்புறத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்வது 63 டிகிரி செல்சியஸ்.

வெந்ததைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் பூண்டு வதக்கி சூப்பை ஊற்றுங்கள். அடியில் பிடித்திருக்கும் இறால் சாரம் சூப்பில் கரையும்; டின் வாசனையை மறைக்க அதைவிட நல்லது வேறில்லை. ஓடோடு வாங்கிய இறாலானால் ஓட்டைக் கொஞ்சம் வெண்ணெயில் வறுத்து, ஒரு கப் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். பாலுக்குப் பதில் அந்தச் சாற்றால் சூப்பை இளக்கினால் ருசி எங்கேயோ போய்விடும்.

ஏற்கெனவே வேகவைத்து விற்கும் இளஞ்சிவப்பு இறால், டின் மட்டி, நண்டு குச்சிகள் ஆகியவற்றை வதக்கவே வேண்டாம். அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டுக் கிளறினால் அந்தச் சூடே போதும். கணவாய்க்கு ஒரு தனிக் குணம்: ஒன்றிரண்டு நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அரை மணி நேரத்துக்கு மேல் வேகவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் ரப்பர்தான். அவசரச் சாப்பாட்டுக்கு முதல் வழி. மீன் துண்டுகளைச் சாஸின் மேல் வைத்து மூடி போட்டு வேகவிடுங்கள். கரண்டி போட்டால் உதிர்ந்து காணாமல் போகும். உயிரோடு விற்கும் மட்டி, சிப்பி வகைகளில் உடைந்தவற்றையும், தட்டினாலும் மூடாதவற்றையும் முதலிலேயே எறிந்துவிடுங்கள். வெந்த பிறகும் வாய் திறக்காதவற்றையும் சாப்பிட வேண்டாம்.

கடைசி ஐந்து நிமிஷம்

மாவு சேர்த்த சூப் வேகமாக அடிப்பிடிக்கும். மிதமான தீ, அடிக்கடி கரண்டி. உண்மையான கிரீம் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து விற்கும் சூப்பானால் தளதளவென்று கொதிக்கவே விடக் கூடாது, திரிந்துவிடும். எலுமிச்சை பிழிவது அடுப்பை அணைத்த பிறகுதான், அதுவும் பரிமாறும் முன். இந்த எலுமிச்சையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். டின் சூப்பில் இல்லாதது அந்தப் புளிப்புதான். நாலு சொட்டு விழுந்ததும் இறாலின் சுவை தனியாக எழுந்து நிற்கும்.

பாஸ்தாவைச் சாஸில் போட்டு ஒரு நிமிஷம் புரட்டி, எடுத்து வைத்த இறாலைத் தட்டில் ஊறிய சாற்றோடு சேர்த்துவிட்டு அடுப்பை அணையுங்கள். அந்த நேரத்தில் சாஸ் நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். தட்டுக்கு வருவதற்குள் பாஸ்தா உறிஞ்சிக்கொள்ளும், மாவுச்சத்தும் ஆற ஆற இறுகும். வாணலியிலேயே சரியான பதத்தில் இருந்தால் மேஜையில் கட்டியாகிவிடும். எடுத்து வைத்த தண்ணீர் இதற்குத்தான்.

விருந்தாளிகள் வந்தால் ஒவ்வாமை பற்றிக் கேட்டுவிடுங்கள். இறால், நண்டு மட்டுமல்ல, சூப் டின்னிலேயே கோதுமை, பால், மீன் எல்லாம் இருக்கலாம்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், மூன்று நாலு நாளுக்குள் தீர வேண்டும். மறுநாள் இறாலைப் பொறுக்கி வெளியே எடுத்து, பாஸ்தாவைக் கொஞ்சம் பால் விட்டு இளக்கிச் சூடாக்கி, நன்றாகக் கொதி வந்ததும் இறாலைப் போட்டு, அதுவும் உள்ளே வரை சூடானதும் உடனே இறக்கிவிடுங்கள்.