வேறு கம்பெனியில் வேலை பார்ப்பவரை எப்படிப் பேசிக் கூப்பிடுவது

கைதேர்ந்த ஆட்கள் பெரும்பாலும் வேலை தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். விளம்பரம் போட்டால் வந்து குவிகிற விண்ணப்பங்களில் அவர்கள் பெயர் இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது, இருக்கும் இடத்தில் மரியாதையும் இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிறது. அவர்களை நாமாகத் தேடிப்போய்த்தான் கூப்பிட வேண்டும். அந்தக் கூப்பிடுகிற விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொரு கம்பெனி ஆளைத் தூக்குவது தப்பில்லையா என்று சிலர் தயங்குவதுண்டு. கூப்பிடுவதில் தப்பே இல்லை. சொல்லப்போனால், ஒருவர் ஆளை இன்னொருவர் கூப்பிட மாட்டோம் என்று கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டதுதான் அமெரிக்காவில் வழக்காகிப்போனது: ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி உள்பட ஆறு நிறுவனங்கள் மீது 2010-ல் அரசு வழக்குப் போட்டது, அப்புறம் ஊழியர்களே தொடுத்த வழக்கில் இந்த நான்கு நிறுவனங்களும் 41.5 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டு 2015-ல் அது முடிந்தது. வெளியிலிருந்து அழைப்பு வராததால் சம்பளம் உயரும் வாய்ப்பை இழந்தோம் என்பதுதான் அந்த ஊழியர்களின் வாதம். ஆனால் ஒரு விஷயம். நீங்களே அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே வந்தவராக இருந்தால், பழைய சகாக்களை இத்தனை காலத்துக்கு இழுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கலாம். அந்தக் கம்பெனி உங்கள் வாடிக்கையாளராக இருந்தால் ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு வரி இருக்கலாம். அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டுப் போனை எடுங்கள்.

இப்போது முதல் மெசேஜ். பொதுவாக வருவது இப்படி இருக்கும்: “வணக்கம், உங்கள் ப்ரொஃபைல் எங்களை மிகவும் கவர்ந்தது. வேகமாக வளர்ந்துவரும் எங்கள் நிறுவனத்தில் அருமையான வாய்ப்பு உள்ளது. கைநிறைய சம்பளம். உடனே ரெஸ்யூமே அனுப்பவும்.” இதில் பெயரை மாற்றி ஆயிரம் பேருக்கு அனுப்பலாம், வாங்குபவருக்கும் அது தெரியும். யார் எழுதுகிறார்கள், எந்தக் கம்பெனி, என்ன வேலை, எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, வேலையே கேட்காத மனிதரிடம் ரெஸ்யூமே கேட்கிறது.

அதே ஆளுக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: “வணக்கம். டேட்டாபேஸை நிறுத்தாமலே புது சர்வருக்கு மாற்றியதைப் பற்றி நீங்கள் பேசிய வீடியோ பார்த்தேன். அதே சிக்கலில்தான் நாங்களும் இருக்கிறோம். அந்தக் குழுவை நான்தான் நடத்துகிறேன், ஏஜென்சி இல்லை. அதை முழுப் பொறுப்பில் எடுத்துச் செய்ய ஒருவர் வேண்டும். சம்பளம் இதிலிருந்து இதுவரை. ஒரு இருபது நிமிடம் பேசலாமா? மாறும் எண்ணம் இல்லை என்றால் ஒரு வரி போதும், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.” அவர் செய்த ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதுதான் இதன் உயிர். அப்படிச் சொல்ல உங்களிடம் எதுவும் இல்லையென்றால் நீங்கள் இன்னும் அவரைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை, மெசேஜ் அனுப்ப நேரம் வரவில்லை. சம்பளத்தையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்று ரவுண்டு இன்டர்வியூ முடிந்த பிறகு, இப்போது வாங்குவதைவிடக் குறைவு என்று தெரிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? முக்கியமாக, அவருடைய அலுவலக ஈமெயிலுக்கு எழுதவே எழுதாதீர்கள். அது அந்தக் கம்பெனியின் சொத்து.

போனில் பேசும்போது முதல் கேள்வி “இப்போது பேச வசதியா?” என்பதாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் அவருடைய மேனேஜர் இருக்கலாம். குரல் தாழ்ந்தாலோ, ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் வந்தாலோ, “சாயங்காலம் கூப்பிடுகிறேன்” என்று வைத்துவிடுங்கள். அடுத்த முறை பேசும்போது நம் பெருமையைக் கொட்டாமல் அவரைப் பேச விடுவது முக்கியம். “இப்போதைய வேலையில் எது பிடித்திருக்கிறது? எது மாறினால் நன்றாக இருக்கும்?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலில்தான் அவர் ஏன் வரக்கூடும் என்பது இருக்கிறது. சிலருக்குப் பணம், சிலருக்குப் பதவி, சிலருக்கு மாலையில் நேரத்தோடு வீட்டுக்குப் போவது. உங்களால் கொடுக்க முடியாததை அவர் கேட்டால் அங்கேயே சொல்லிவிடுங்கள், ஆசை காட்டி அழைத்து வந்தால் மனம் கசந்து சீக்கிரமே கிளம்பிவிடுவார்.

அவருடைய கம்பெனியைக் குறை சொல்லாதீர்கள். அவரே திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள், கூடச் சேர்ந்து திட்டாதீர்கள். அங்கே அவருடைய சில வருட உழைப்பும் நண்பர்களும் இருக்கிறார்கள். 1983-ல் பெப்சி-கோலாவின் தலைவராக இருந்த ஜான் ஸ்கல்லியிடம் ஸ்டீவ் ஜாப்ஸ், வாழ்நாள் முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர் விற்கப் போகிறீர்களா, என்னோடு வந்து உலகத்தை மாற்றப் போகிறீர்களா என்று கேட்டது பிரபலம்தான். அது பல மாதங்கள் பேசிப் பழகிய பிறகு கேட்ட கேள்வி. முன்பின் தெரியாதவரிடம் முதல் மெசேஜிலேயே அப்படிக் கேட்டால் அவமதிப்பாகத்தான் போய்ச் சேரும்.

பேச்சுவாக்கில்கூட அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியல், விலை, சாஃப்ட்வேர் கோட் என்று எதையும் கேட்காதீர்கள். டிரைவர் இல்லாத கார் தொழில்நுட்பத்தை உருவாக்கும் வேமோவிலிருந்து விலகிப் பிறகு ஊபரில் சேர்ந்த இன்ஜினியர் ஃபைல்களை எடுத்துச் சென்றதாகக் கிளம்பிய வழக்கை முடிக்க, ஊபர் 2018-ல் சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. “பழைய இடத்திலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள்” என்று நீங்களே எழுத்தில் சொல்லிவிடுவது இருவருக்கும் பாதுகாப்பு.

அவர் சம்மதித்த பிறகும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. பேப்பர் போட்டதும் பழைய கம்பெனி சும்மா இருக்காது, போகாமல் இருக்கச் சொல்லிக் கவுண்டர் ஆஃபர் வரும். அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: “உங்கள் மேனேஜர் சம்பளத்தை ஏற்றித் தருகிறேன் என்றால் என்ன செய்வீர்கள்?” பணம் மட்டுமே காரணம் என்றால் அவர் அங்கேயே தங்கிவிடலாம், அது அவருக்கு நல்லதாகவும் இருக்கலாம். ஆஃபர் லெட்டர் கைக்கு வருவதற்கு முன் ராஜினாமா செய்யச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம், நோட்டீஸ் பீரியடை முழுதாக முடித்துவிட்டு வரட்டும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஏன் என்று குடையாதீர்கள். “சரி, ஆறு மாதம் கழித்து ஒருமுறை விசாரிக்கலாமா?” என்று மட்டும் கேளுங்கள். விசாரியுங்கள் என்றால் காலண்டரில் குறித்துவைத்து, அந்த மாதம் வந்ததும் கூப்பிடுங்கள்.