ஏஐ மலிந்த காலத்தில் தொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 மார்ச்சில் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 என்ற ஏஐ மாடல் வந்தபோது, நாம் உள்ளே கொடுக்கும் பத்து லட்சம் டோக்கன்களுக்கு (ஏஐ படிக்கும் சொல் துண்டுகளுக்கு) கட்டணம் 30 டாலர். 2024 ஜூலையில் வந்த ஜிபிடி-4ஓ மினிக்கு அதே அளவுக்கு 15 சென்ட். சின்ன மாடல்தான், ஆனாலும் அன்றாட அலுவலக எழுத்து வேலைக்குத் தாராளமாகப் போதும். எழுதுவதும் வரைவதும் கோடிங்கும் இப்படி மலிந்துவிட்டால், அப்புறம் எதற்கு மதிப்பு ஏறும்? "இது சரி, தப்பானால் நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போடுகிறவருக்கு என்பேன். இது புரியாததால்தான் பலர் கீழே சொல்லும் தவறுகளில் விழுகிறார்கள்.

மலிந்ததையே மேலும் குவிப்பது முதல் தவறு. தகவல் பெருகினால் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்று பொருளியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1971லேயே சொல்லிவிட்டார். 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அறிவியல் புனைகதை இதழுக்கு ஏஐ கதைகள் வந்து குவிய, கதைகள் வாங்குவதையே அது தற்காலிகமாக நிறுத்தியது. படித்துத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியரின் நேரம்தான் அங்கே போதவில்லை. தினமும் நாலு விளம்பர மெயில் அனுப்பினால் உங்கள் வாடிக்கையாளருக்கும் அதே நிலைமைதான்.

இதைவிடப் பெரிய தவறு, பொறுப்பையும் சேர்த்து இயந்திரத்திடம் கொடுத்துவிடுவது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். பாட்டி இறந்த துயரத்தில் டிக்கெட் எடுக்க வந்த ஒருவரிடம், இப்போது முழுக் கட்டணம் கட்டிவிட்டு, துக்கத்துக்காகப் பயணிப்பவர்களுக்கான சலுகையைப் பின்னர் விண்ணப்பித்து வாங்கலாம் என்று நிறுவனத்தின் சாட்பாட் (கேள்விக்குப் பதில் சொல்லும் மென்பொருள்) சொன்னது. நிறுவனத்தின் விதியில் அதற்கு இடமில்லை. விவகாரம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் தனி அமைப்பு, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்கிற ரீதியில் அங்கே நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் வந்த உத்தரவுப்படி நிறுவனம் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, வட்டி, தீர்ப்பாயக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 812 கனடா டாலர். தொகை சின்னது. ஆனால் அந்த வாதத்தைப் படித்த பிறகு யாருக்கு அந்த சாட்பாட்டிடம் கேள்வி கேட்கத் தோன்றும்?

எல்லோரிடமும் இருக்கும் கருவியையே தன் பலமாக நினைப்பது அடுத்தது. இரண்டு கொட்டேஷன்கள் மேசையில் இருக்கின்றன. இரண்டும் வழவழப்பான மொழி, ஒரே மாதிரி தலைப்புகள். ஒன்றில் மட்டும் ஒரு வரி கூடுதல்: "உங்கள் கிடங்குக் கதவின் உயரத்துக்கு இந்த இயந்திரம் நுழையாது, கீழே உள்ள மாடலைப் பாருங்கள்." நேரில் போய் அளந்து பார்த்தவர்தான் அந்த வரியை எழுத முடியும். ஆர்டர் அவருக்குத்தான் போகும்.

விலையை இன்னும் மணிக்கணக்கில் போடுவதும் சரிவராது. மூன்று நாள் வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்தால் உங்கள் வருமானம்தான் சுருங்கும். முடிவுக்கும் உத்தரவாதத்துக்கும் விலை சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. ஏஐ செய்துவிடும் என்று புதியவர்களை எடுப்பதையே நிறுத்துகிறார்கள். வரைவு எழுதித் திருத்தம் வாங்கித்தான் ஒருவர் தவறைக் கண்டுபிடிக்கக் கற்கிறார். அந்தப் படியை எடுத்துவிட்டால், இன்றைய சீனியர்கள் ஓய்வு பெற்றபின் ஏஐ எழுதியதைச் சரிபார்க்க ஆள் இருக்காது. புதியவர்களை எடுங்கள், ஏஐயின் வரைவை அவர்களிடம் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அவர்கள் தவறவிட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.