பெங்களூரில் மாணவர் வேலைத் தளம்: சந்தைக் கணக்கைக் கடையிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூரு நகர மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேல் கல்லூரிகள். நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு இல்லை என்கிறது கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பு. மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை பிடித்துத் தரும் இணையத் தளத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த எண்ணையே சந்தை என்று நம்பிவிடுகிறார்கள். வேலை தேடும் மாணவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. காசு கொடுக்கப்போவது ஆள் எடுப்பவர். அவரைத்தான் எண்ண வேண்டும்.

ஒரே வட்டாரத்தை எடுங்கள். சிவாஜிநகர், அல்சூர் என்றால் பல கடைகளில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். கூட்டம் சேருமுன் காலையில் போங்கள். "இப்படி ஒரு ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்காதீர்கள், முகத்துக்காக ஆமாம் என்பார்கள். கடைசியாக ஆள் எடுத்தது எப்போது, யார் மூலம், எத்தனை நாள் நின்றார் என்று நடந்ததைக் கேளுங்கள். "நம்ம பையனே ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தான்" என்று பதில் வந்தால், உங்கள் முதல் போட்டி அதுதான். இன்டர்ன்ஷாலா, அப்னா போன்ற வேலைத் தளங்கள் எல்லாம் அப்புறம். அந்தப் பையன் கட்டணம் கேட்பதில்லையே.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 200 கடையில் 60 கடை பகுதிநேர ஆள் வைக்கிறது, கடைக்கு வருஷம் 4 காலியிடம், ஒரு இடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்க 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷ வரவு 72,000. மாதம் 6,000 ரூபாயில் கடை கடையாக ஏறி இறங்கும் ஆளுக்குச் சம்பளம்கூடத் தேறாது. அதனால், வாராவாரம் 20 பேர் கேட்கும் கேட்டரிங், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களைத் தனியாக எண்ணுங்கள். சந்தை இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

மாணவர் பக்கம் தலைகளை எண்ணாமல், வேலைக்குக் கிடைக்கும் மணி நேரத்தை எண்ணுங்கள். மதியத்தோடு வகுப்பு முடியும் பி.காம். மாணவரும் மாலைவரை லேபில் இருக்கும் பொறியியல் மாணவரும் ஒன்றல்ல. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வர வேண்டிய 4 மணி நேர வேலைக்கு இரண்டாம் நாள் ஆள் வராது. கவுன்ட்டர் வேலைக்குக் கன்னடம் பேச வருமா என்பதையும் படிவத்தில் சேருங்கள். பி.யு. (பிளஸ் ஒன், பிளஸ் டூ) மாணவர்களில் பலர் 18 வயதுக்குள் இருப்பவர்கள்; அவர்கள் விவரங்களை வாங்கிவைக்க, 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோர் சம்மதம் கேட்கிறது.

தசரா, தீபாவளி நேரத்தில் மட்டும் எடுத்த கணக்கு ஊதிப்போயிருக்கும். செமஸ்டர் தேர்வு மாதத்திலும் ஒருமுறை எடுங்கள். ஆப் கட்டுமுன், வாட்ஸ்அப்பும் கூகுள் ஃபார்மும் வைத்துப் பத்து முதலாளிகளிடம் 500 ரூபாய் முன்பணம் கேளுங்கள். மூன்று பேர்கூடத் தராவிட்டால் வட்டாரத்தையோ வேலை வகையையோ மாற்றுங்கள். அதை விட்டு மாணவரிடம் பதிவுக் கட்டணம் வாங்க இறங்காதீர்கள்: போலி வேலை காட்டி ஏமாற்றுகிறவர்கள் கேட்பதும் அதையேதான், பிள்ளைகள் உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.